அமுதசுரபி எவர் கையில்?

மணிமேகலைக் காப்பியத்தைப் பயில்வோர் எளிதில் மறக்கவியலாத பகுதி ஆபுத்திரன் வரலாறாகும். சிந்தாதேவி அளித்த அமுதசுரபியைக் கையில் ஏந்தி, மதுரையில் பசித்து வந்தோர் அனைவருக்கும் அவன் சோறளித்தான். பின்னர் மழை பொழிந்தது. பாண்டிய நாடு செழித்தது. உண்பதற்கு வருவார் எவருமிலர். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் இருக்க, வாங்குவாரைத் தேடி அவன் அலைய நேர்ந்தது. சாவக நாட்டில் உயிர்கள் பசியால் வாடுகின்றன எனக் கேட்டுக் கலம் ஏறினான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கலம் சென்றுவிட்டது. ஆளில்லாத் தீவில் தன் ஒருவன் வயிற்றுக்காக அப்பாத்திரத்தைப் பயன்படுத்த மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் அதனை விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான்.

ஆபுத்திரனின் அருளுள்ளத்தில் குறை காண எவராலும் இயலாது. ஆயினும் சாத்தனார் சொல்லாமல் சொல்லும் உண்மை ஒன்று இங்கே உண்டு. அவன் செய்த அறம் அவனுடைய பயணத்தைச் சார்ந்திருந்தது. ஒரு கலம் தவறியதும் சாவகத்து மக்களுக்குச் சேரவேண்டிய சோறும் தவறிற்று. கொடுப்பவன் நல்லவன் என்பது மட்டும் கொடை நிலைப்பதற்குப் போதுமா என்னும் வினாவை அவ்வரலாறு எழுப்புகிறது.

மேலை நாடுகள் ஏழை நாடுகளுக்கு வழங்கும் உதவியைப் பற்றிப் பேசுவோர் இருசாரார் ஆவர். மனிதகுலம் ஒன்றென உணர்ந்த நாகரிகத்தின் கனி அது என்பர் ஒருசாரார். பருவத்துக்குப் பருவம் மாறும் உடையலங்காரம் போன்றதே அது என்பர் மற்றொரு சாரார். பழந்தமிழர் கடாரம் என அறிந்திருந்த கெடா மாநிலத்தில், சிடாம் கிரி போன்ற தோட்டப்புறங்களில் வாழும் தமிழர்க்கு இது தொலைவிலுள்ள வினா அன்று. மேலை நாட்டு முதலாளியின் கையால் கூலியும் மருந்தும் பள்ளியும் கள்ளும் பெற்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஆதலின் இதனை ஆராயும் தகுதி அவர்களுக்கு மிகுதியும் உண்டு.

பருவம் பார்த்துப் பொழியும் கொடை

மேலை நாட்டு ஈகையில் நாகரிக மோகம் கலந்திருப்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நியூயார்க் நகரில் வங்காளதேச அகதிகளுக்காக இரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் பேரிசை நிகழ்ச்சி ஒன்றை நடத்தினர். உலகம் அதனைக் கொண்டாடியது. ஆனால், இசைத்தட்டால் கிடைத்த வருவாயின் பெரும்பகுதி வரித்துறைச் சிக்கலில் அகப்பட்டு ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. 1984இல் எத்தியோப்பியப் பஞ்சத்தின் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தபின், 1985 ஜூலை 13ஆம் நாள் இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நேரத்தில் மாபெரும் இசை விழா நடைபெற்றது. நாடகமேடை போல் ஒளியூட்டப்பட்ட துயரத்துக்குப் பணம் குவிந்தது. ஒளி விழாத துயரங்கள் இருளிலேயே கிடந்தன.

அரசுகளின் கொடையும் இதற்கு விலக்கன்று. செல்வ நாடுகள் தத்தம் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை வளரும் நாடுகளுக்கு வழங்கவேண்டும் என்னும் இலக்கை ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1970ஆம் ஆண்டு அக்டோபரில் ஏற்றது. சுவீடன், நார்வே, டென்மார்க் முதலிய சிறிய நாடுகள் அவ்வாண்டுகளிலேயே அதனை எட்டின. பெரிய நாடுகளிற் பெரும்பாலானவை எட்டவே இல்லை. பிரிட்டன் 2013இல் எட்டிப் பிடித்து, 2015இல் சட்டமாகவும் இயற்றி, 2021இல் 0.5 ஆகக் குறைத்தது; 2027க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக 2025இல் அறிவித்தது. 1961இல் தோன்றிய அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமை 2025ஆம் ஆண்டின் நடுவில் கலைக்கப்பட்டது. அறுபத்துநான்கு ஆண்டுகள் இயங்கிய ஓர் அமைப்பு சில திங்களில் மறைந்தது. இவ்வளவுக்கும் வறிய நாடுகளின் வறுமை அவ்வாண்டில் தீர்ந்துவிடவில்லை. மாறியது கொடுப்பவரின் மனநிலையே.

கோலமூடா மாவட்டத்து மக்கள் இதன் மற்றொரு முகத்தைக் கண்ணாரக் கண்டவர்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கோத்தா கோலமூடாவின் மீனவர் குடியிருப்புகளையும் தாக்கியது. சிதைந்த மீன்படகுகளைக் கொண்டே அமைக்கப்பட்ட நினைவுச்சின்னம் அங்கு நிற்கிறது. அதே அலை தமிழகத்தின் நாகப்பட்டினத்தையும் ஈழத்தின் கிழக்குக் கரையையும் பேரழிவுக்குள்ளாக்கியது. உலகெங்குமிருந்து ஏறத்தாழ 1,350 கோடி டாலர் உதவியாக உறுதியளிக்கப்பட்டது. பிறகு அவ்வுதவியை ஆராய்ந்த பன்னாட்டு மதிப்பீட்டுக் கூட்டமைப்பு, பாதிக்கப்பட்டோர் ஒருவருக்கு 7,100 டாலருக்கு மேல் வந்ததாகக் கணக்கிட்டது. அதே 2004இல் வங்காளதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் செலவிடப்பட்டதோ 3 டாலர். இரு துயரங்களும் நீரால் விளைந்தவை. இரு மக்களும் ஏழையர். ஒன்று மேலை நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் விடுமுறை கழிக்கும் கடற்கரைகளில் நிகழ்ந்தது. மற்றொன்று ஆண்டுதோறும் நிகழ்வது. பழகிய துயரத்துக்கு ஈகையாளர் கண்ணில் நீர் சுரப்பதில்லை.

ஒரு சார்பாகத் தீர்ப்பளித்தல் தகுமா?

இவ்வளவில் நின்று, மேலையோர் ஈகை வெறும் பகட்டே எனத் தீர்ப்பளித்துவிடுதல் எளிது. ஆயின் அது நடுநிலை ஆகாது. பெரியம்மை என்னும் கொடுநோய் உலகைவிட்டு ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின்னே பல நாட்டார் பல்லாண்டு உழைத்த உழைப்பு இருந்தது. அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று இந்தியர்களால் நடத்தப்பெறும் பெருநிறுவனம். வாழ்நாள் முழுவதையும் ஓர் ஊருக்கு அளித்தவரை நாகரிக மோகத்தார் என்று எவர் சொல்லத் துணிவர்?

மேலும், கொடை நின்றுபோவதால் இடர்ப்படுவோர் அதனைக் கொடுத்தவர் அல்லர். 2003இல் அமெரிக்கா தொடங்கிய எய்ட்ஸ் நோய்த் தடுப்புத் திட்டத்தால் ஆப்பிரிக்காவில் பல இலட்சம் உயிர்கள் காக்கப்பட்டன. 2025 தொடக்கத்தில் அயல்நாட்டு உதவி திடீரென நிறுத்திவைக்கப்பட்டபோது மருந்துக்காகக் காத்திருந்த நோயாளியிடம், அவ்வுதவி நிலையற்றதென்று முன்பே தெரியும் எனக் கூறுவது அறிவுடைமை ஆகலாம், அறம் ஆகாது. பசித்தவனுக்கு இன்றைய சோறு இன்றே வேண்டும்.

ஆகவே, கொடுத்தவர் உள்ளம் தூயதா, போலியா என்னும் ஆராய்ச்சி முடிவு காணாத ஆராய்ச்சியாகவே நிற்கும். உள்ளத்தை அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. அளக்கக்கூடியது வேறொன்று. கொடுத்தவர் போனபின் என்ன எஞ்சியது என்பதே அது.

வட்டுக்கோட்டையும் எட்டயபுரமும்

இதற்குத் தமிழர் வரலாறே தக்க சான்றுகளைத் தருகிறது. 1823இல் அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கழகம் ஒன்றை நிறுவினர். ஆசியாவிலேயே குறிப்பிடத்தக்க கல்விக்கூடமாக அது விளங்கியது. ஆயினும் 1855இல் அது மூடப்பட்டது. மாணவர் குறைந்ததாலோ கல்வி தாழ்ந்ததாலோ அன்று. சமயம் பரப்பும் நோக்கத்துக்கு ஆங்கில உயர்கல்வி பயன்படவில்லை என்று பாஸ்டனில் இருந்த தலைமைக் குழுவினர் கருதியதே காரணம். யாழ்ப்பாணத்து இளைஞரின் கல்வி கடல்கடந்த ஒரு மேசையில் முடிவு செய்யப்பட்டது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. அக்கழகத்தில் பயின்ற கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் ஏட்டினின்றும் அச்சேற்றினார். மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களையும் தமிழில் ஆக்கியதால், அவர் தாயகம் திரும்பிய பின்னும் அவர் மாணவர் ஊர் ஊராக மருத்துவம் செய்தனர். மூடப்பட்ட கழகத்தின் இடத்தில், அதன் பழைய மாணவர் முயற்சியால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. கட்டடத்தைப் பாஸ்டன் மூடலாம். கற்றவர் நெஞ்சில் புகுந்த கல்வியை மூட எந்தக் குழுவுக்கும் ஆற்றல் இல்லை.

தமிழகத்துப் பள்ளி மதிய உணவின் வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. காமராசர் ஆட்சியில் 1956இல் பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு அத்திட்டம் தொடங்கிற்று. பாரதி பிறந்த எட்டயபுரம் அதன் தொடக்க இடங்களுள் ஒன்று. 1961 முதல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான ‘கேர்’ உணவுப்பொருள்களை வழங்கியது. பால்மாவும் சோளமாவும் எண்ணெயும் கப்பலில் வந்தன. அவற்றை உண்டு படித்த தலைமுறை நன்றியோடு நினைவுகூரத்தக்க உதவியே அது. எனினும் அயல்நாட்டுக் கப்பலை நம்பியே பிள்ளைகளின் அடுப்பு எரியும் நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சோறு அரசின் கடமையாயிற்று. 2001இல் இந்திய உச்சநீதிமன்றம் நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. 2022இல் தமிழகத்தில் காலை உணவும் சேர்ந்தது. ஒருகாலத்தில் ஈகையாக வந்தது உரிமையாக மாறிற்று. அரசுகள் மாறின, கட்சிகள் மாறின, சோற்றை நிறுத்த எவரும் துணியவில்லை. காரணம், வாங்குவோர் இப்பொழுது வாக்காளர். அவர்கள் கேள்வி கேட்க முடியும்.

இதற்கு மாறான நிலையையும் அதே காலம் காட்டியது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் வறட்சியில் இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. வியட்நாம் போரில் இந்தியா கொண்ட கருத்து அதிபர் ஜான்சனுக்கு உவப்பாக இல்லை. கோதுமை சிறிது சிறிதாக அளந்து அனுப்பப்பட்டது. அந்த நெருக்கடியில்தான், உணவமைச்சராக இருந்த தமிழர் சி. சுப்பிரமணியம் புதிய விதையை நாடினார். 1966இல் மெக்சிக்கோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. அவ்விதையும் மேலை நாட்டு அறக்கட்டளையின் ஆராய்ச்சியில் விளைந்ததே. ஆனால் தானியம் உண்டால் தீரும். விதையோ விதைத்தவன் கையில் பெருகும். ஒரே திசையிலிருந்து வந்த இரு கொடைகளுள் ஒன்று நாட்டைக் காத்திருக்க வைத்தது. மற்றொன்று நிமிர வைத்தது.

தோட்டத்துக் கள்ளும் பத்து வெள்ளியும்

இனிக் கெடாவுக்குத் திரும்புதல் வேண்டும். மேலை நாட்டுக் கம்பெனிகள் நடத்திய இரப்பர்த் தோட்டங்களில் லயமும் மருந்தகமும் பள்ளியும் கோயிலுக்கு நிலமும் துரையின் கொடைகளாகவே எண்ணப்பட்டன. கிராணியோ கங்காணியோ பாடஞ்சொன்ன ஒற்றையறைப் பள்ளிகள் பல. பால்வெட்டுக்கு எவ்வளவு எழுத்து வேண்டுமோ அவ்வளவே அங்கு எழுத்து. இவற்றோடு கள்ளுக்கடையும் இருந்தது. அக்கடையின் ஆதாயத்திலிருந்து தொழிலாளர் நலனுக்குச் செலவு செய்யும் வழக்கமும் இருந்தது. உழைத்துப் பெற்ற கூலியைக் கள்ளாக வாங்கிக்கொண்டு, அதில் ஒரு துளியை நலநிதியாகத் திருப்பித் தந்த ஈகை அது! வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பர்; இங்கோ, வலக்கை கொடுக்கும் முன்னரே இடக்கை எடுத்திருந்தது.

அதனை உணர்ந்து எழுந்தவர்கள் தோட்டத்து மக்களே. இரண்டாம் உலகப்போருக்குப் பின், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் கெடாவில் தொண்டர் படை தோன்றிற்று. கள்ளை ஒழிப்பதும் தொழிலாளரை ஒழுங்குபடுத்துவதும் அதன் நோக்கங்கள். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடை எதிர்ப்பின்போது காவற்படையுடன் மோதல் ஏற்பட்டது. தொடர்ந்த நாள்களில் அடக்குமுறை கடுமையாயிற்று. நலநிதி வழங்கிய அதே ஆட்சி, நலத்தைத் தாமே தேடியவர்கள்மீது தடியை ஓங்கியது. கொடை கொடுப்பவர், பெறுபவர் தம் காலில் நிற்பதை விரும்புகிறாரா என்பதே கொடையின் உண்மையைக் காட்டும் உரைகல்.

விடுதலைக்குப் பின் மேலை முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுச் சென்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டுதுண்டாக்கி விற்றனர். துண்டாடலில் வேலை போயிற்று. குடியிருந்த வீடும் போயிற்று. பள்ளியும் கோயிலும் ஆதரவிழந்தன. ஆபுத்திரனின் கலம் இங்கும் சென்றுவிட்டது. அந்நிலையில் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கித் தோட்டந்தோறும் சென்றார். அவர் தொழிலாளருக்கு நன்கொடை வழங்கவில்லை; அவர்களிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். அன்றைய பால்வெட்டுக் கூலியில் பத்து வெள்ளி சிறுதொகை அன்று. அவ்வாறு சேர்ந்த பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். 1979இல் சம்பந்தன் மறைந்தபோது சங்கத்திடம் 18 தோட்டங்கள் இருந்தன.

கூட்டுறவு குறையே அற்றது எனக் கூறுவதற்கில்லை. தோட்ட மக்கள் அனைவரையும் அது காக்கவும் இல்லை. எண்ணற்றோர் பின்னாளில் சுங்கைப் பட்டாணி போன்ற பட்டணங்களின் ஓரங்களில் புகலடைந்தனர். ஆயினும் ஒரு வேறுபாடு வெள்ளிடைமலை. கொடையாளியிடம் கணக்குக் கேட்க முடியாது, சங்கத்திடம் கேட்கலாம். கொடை பெற்றவன் கைகூப்பி நிற்பான். பங்கு வைத்திருப்பவன் எழுந்து நின்று வினவுவான்.

மழையும் ஊருணியும்

திருவள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களில் வைத்தார். இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் வேண்டுவதில்லை. ஒப்புரவு உடையவன் செல்வத்துக்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று ஊர் மக்கள் நீருண்ணும் ஊருணி. ஊருணியில் நீர் மொள்பவர் எவருக்கும் தலைவணங்க வேண்டுவதில்லை. அது ஊரின் உடைமை. ஈகை கொடுப்பவனின் குணம். ஒப்புரவு ஊரின் ஒழுங்கு. மேலை நாட்டு உதவியில் பெரும்பகுதி ஈகையாகவே நின்றுவிட்டது. அதனால்தான் அது மழைபோல் பெய்தும் பெய்யாமலும் ஏமாற்றுகிறது. எங்கெல்லாம் மக்கள் அதனைத் தேக்கி ஊருணியாக்கிக் கொண்டனரோ, அங்கெல்லாம் அது நிலைத்தது. ஆகவே நிலைபேறு மழையின் இயல்பு அன்று. குளம் வெட்டியவர் உழைப்பின் பயன்.

இவ்வளவுகோலை மேலையோர்மீது மட்டும் வைத்துத் தமிழர் தப்பித்துக்கொள்ளுதல் முறையாகாது. தீபாவளி நெருங்கும்போது அரிசி மூட்டையும் எண்ணெய்ப் போத்தலும் வழங்கும் விழாக்கள் இந்நாட்டில் எத்தனை! பள்ளி தொடங்கும் காலத்தில் புத்தகப் பையைக் கையில் பிடித்தபடி, நிழற்படம் எடுத்து முடியும்வரை வரிசையில் நிறுத்தப்படும் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! பை ஓராண்டில் கிழியும். படம் எடுக்கப்பட்டபோது அப்பிள்ளை உணர்ந்த கூச்சம் அவ்வளவு விரைவில் கிழிவதில்லை. அடுத்த ஆண்டு அதே பிள்ளை எவ்வகுப்பில் இருக்கிறது, பள்ளிக்கு வருகிறதா என்று கேட்போர் அவ்விழாக்களில் அரியர். ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், மறுமைப் பயன் கருதி அறம் செய்யும் வணிகன் அல்லன் அவன் என்று போற்றினார். மறுமைக்காகக்கூட வேண்டாம், மறுநாள் செய்தித்தாளுக்காகச் செய்யப்படும் அறத்தை அப்புலவர் என்னவென்று அழைத்திருப்பார்?

தமிழாசிரியர் மணிமேகலையைக் கற்பிக்கும்போது ஆபுத்திரனோடு நின்றுவிடுதல் ஆகாது. மணிபல்லவத்தில் மறைந்த அமுதசுரபி மணிமேகலை கைக்கு வந்தபோது, அவள் அதனை ஏந்தி வாங்குவாரைத் தேடிக் கலம் ஏறவில்லை. முதலில் தன் ஊரில் வாழ்ந்த ஆதிரையிடம் பிச்சை ஏற்றாள். அப்பிச்சையாலேயே பாத்திரம் நிறைந்து சுரக்கத் தொடங்கிற்று. பின்னர் அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றினாள். ஆபுத்திரன் சோறளித்தான், மணிமேகலை சோற்றுக்கு ஓர் இல்லம் அமைத்தாள். ஒருவன் கலம் தவறியதால் மாய்ந்த அறம், அவ்வில்லத்தில் ஒருவரைச் சாராமல் வாழ்ந்தது.

மேலை நாட்டார் ஈகை நிலைக்குமா, நாகரிகமாய் மறையுமா என்பதற்கு மேலை நாட்டில் விடை இல்லை. பாத்திரம் எங்கிருந்து வந்ததாயினும் வரவேற்கலாம். அதனை முதலில் நிறைக்கும் ஆதிரை இவ்வூரில் இருக்கிறாளா, சிறையை அறக்கோட்டம் ஆக்கும் துணிவு இவ்வூர் மக்களுக்கு உண்டா என்பனவே கேட்கப்படவேண்டிய வினாக்கள். மாதம் பத்து வெள்ளி கொடுத்த பால்வெட்டுத் தொழிலாளர், எழுத்தறிவு குன்றியவராயினும், அவ்வினாக்களுக்கு விடை அறிந்திருந்தனர்.